சந்தா என்னோடது, பேரு அவரோடது

காசு கட்டினது நான். ரசீது என் பேர்ல இருக்கு. சேவைச் சங்கத்தோட பதவியேற்பு விழா அழைப்பிதழ்ல மட்டும் எங்க வீட்டுக்காரர் பேரு.

நாலு பக்கம், வழவழன்னு ஆர்ட் பேப்பர். முன்னட்டையில புதுத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. (ஜூலை மாசம், விழுப்புரம், கோட்டு. எழுதும்போதே எனக்கு வேர்க்குது.) உள்ளே திருப்பினா ‘புதிய உறுப்பினர்கள்’னு ஒரு பட்டியல். டாக்டர் ஒருத்தர், ரைஸ் மில்காரர் ஒருத்தர், டைல்ஸ் கடை, மெடிக்கல் ஷாப், நோட்டரி வக்கீல்... எல்லாருக்கும் பேரு, அது கீழ தொழில். கடைசி வரியில நான். அதாவது, ‘திருமதி’ன்னு போட்டு எங்க வீட்டுக்காரர் பேரு. கீழ தொழில்: இல்லத்தரசி.

இல்லத்தரசியா இருக்கிறதுல ஒரு குறைச்சலும் இல்லீங்க. எங்கம்மா காலம் பூரா அதான் செஞ்சாங்க, அதுக்கு இணையான உழைப்பை நான் எந்த ஆபீஸ்லயும் பாத்ததில்ல. ஆனா நான் திண்டிவனத்துல வரி ஆலோசகரா ஆபீஸ் வெச்சிருக்கேன். அந்தப் பட்டியல்ல இருக்கிற பாதிப் பேருக்கு மாசாமாசம் ஜி.எஸ்.டி. தாக்கல் பண்ணிக் குடுக்கிறதே இந்த இல்லத்தரசிதான். கடைசித் தேதி நெருங்கினா ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்புல ‘மேடம் பில்லு அனுப்பிட்டேன், பாத்துக்குங்க’ன்னு வர்றதும் இந்த இல்லத்தரசிக்குத்தான்.

அழைப்பிதழ் சுத்த ஆரம்பிச்சதும் எங்க வீட்டுக்காரருக்கு போன் மேல போன். “வாழ்த்துகள் சார், சங்கத்துல சேந்துட்டீங்களாமே!” மனுஷன் மின்வாரியத்துல வேலை பாக்கிறாரு. சங்கம், கூட்டம், சால்வை எதுவும் அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டுலயே பந்தியில எழுந்ததும் செருப்பைத் தேடுற ஆளு. நாலாவது போனுக்கு அப்புறம் என்னைப் பாத்து, “ஏம்மா, நான் எப்ப சேந்தேன்?”னு கேட்டாரு பாருங்க, கோவத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு.

எந்தச் சங்கம்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன். ரோட்டரிச் சக்கரமா லயன்ஸ் சிங்கமான்னும் கேக்காதீங்க. இந்தப் பக்கத்துல, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கிற நாப்பது கிலோமீட்டருக்குள்ள, எத்தனையோ சேவைச் சங்கம் இருக்கு. நான் கோவமா எழுதுறது ஒரு சங்கத்து மேல இல்ல. அந்தப் பட்டியலை டைப் பண்ணின கை தானா ‘இல்லத்தரசி’ன்னு அடிச்சுது பாருங்க, அந்தப் பழக்கத்து மேல.

செயலாளருக்கு போன் போட்டேன். ரொம்ப நல்ல மனுஷன். பதறிட்டாரு. “ஐயோ மேடம், டிடிபி பண்ற பையன் தப்புங்க. பேனர்ல மாத்திடறோம்”னாரு. மாத்தினாங்க. பேனர்ல என் பேரு வந்துச்சு, பக்கத்துல அடைப்புக்குறி போட்டு எங்க வீட்டுக்காரர் பேரும் வந்துச்சு. ஆம்பளை உறுப்பினர் யாருக்கும் அடைப்புக்குறிக்குள்ள பொண்டாட்டி பேரு இல்ல. (நானும் பேனரை முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன். அன்னதான ஸ்பான்சர் வரைக்கும்.)

சரி, இவ்ளோ கடுப்பு இருந்தா எதுக்குச் சேரணும்னு கேப்பீங்க.

அம்மாவாலதான். அவங்க மயிலம் பக்கத்துல ஒரு கிராமம். கண்ணுல புரை விழுந்து, அரிசியில கல்லு தெரியலைன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு சேவைச் சங்கம் இலவச கண் முகாம் போட்டுச்சு. பாண்டிச்சேரியில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2003-ல வந்ததுக்கு அப்புறம் நம்ம பக்கத்து கிராமங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான காட்சி. டார்ச் அடிச்சுப் பாப்பாங்க, புரை முத்தி இருந்தா அங்கேயே பேர் எழுதி பஸ்ல ஏத்திட்டுப் போவாங்க, ஆபரேஷன், தங்கல், சாப்பாடு எல்லாம் முடிச்சு கறுப்புக் கண்ணாடியோட திருப்பி இறக்கி விடுவாங்க. அம்மாவும் அப்படித்தான் போய் வந்தாங்க. வந்ததும் மொத வேலையா என்னைப் பாத்து, “இவ்ளோ நரை எப்படி வந்துச்சு உனக்கு?”ன்னாங்க.

அந்த முகாம்ல வரிசையில நின்னவங்கள்ல பாதிக்கு மேல பொம்பளைங்க. மைக்கைப் பிடிச்சவங்க, மேடையில உக்காந்தவங்க, சால்வை வாங்கினவங்க, சால்வை போட்டவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. ஒரு பாட்டி “ஒண்ணுக்கு எங்கம்மா போறது?”ன்னு என்கிட்டதான் வந்து கேட்டாங்க. முகாம் நடத்துறவங்ககிட்ட அதுக்குப் பதில் இல்ல. அவ்ளோ பேரை வரச் சொல்லியிருக்காங்க, பந்தல் போட்டிருக்காங்க, மோர் குடுத்திருக்காங்க, சத்தியமா நல்ல மனசோட செஞ்சிருக்காங்க. பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேணும்னு மட்டும் யாருக்கும் தோணல. தோணக்கூடிய ஒரு ஆளு அந்தக் கமிட்டியில இல்ல. அவ்ளோதான் விஷயம்.

அப்போ முடிவு பண்ணினேன், சேரணும்னு.

சேர்ந்தப்புறம்தான் இன்னொண்ணு கவனிச்சேன். சேவைச் சங்க விழாவுல பொம்பளைங்களுக்குன்னே சில வேலை ஒதுக்கி வெச்சிருக்காங்க. குத்துவிளக்கு ஏத்தணும். இறைவணக்கம் பாடணும். வர்றவங்களுக்கு சந்தனம் குங்குமம் நீட்டணும். இல்லேன்னா, கீழ வரிசையில உக்காந்திருந்து பேர் கூப்பிடும்போது மேடையேறி தையல் மிஷின் வாங்கிக்கணும். அடுத்த நாள் பேப்பர்ல போட்டோவைப் பாருங்க: ஒரு தையல் மிஷின், அதைத் தொட்டுக்கிட்டு ஏழெட்டு ஆம்பளைங்க, ஓரமா ஒரு பொம்பளை. மிஷின் யாருக்குன்னு புதுசாப் பாக்கிறவங்களுக்குத் தெரியாது.

புடவைக் கதையையும் சொல்லிடறேன். பதவியேற்பு விழாவுக்கு உறுப்பினர் மனைவிங்க எல்லாரும் ஒரே கலர்ல புடவை எடுக்கணும்னு ஒரு முடிவு. என்கிட்டயும் காசு கேட்டாங்க. “நான் மனைவியா வரலையே, உறுப்பினரா வர்றேனே, எனக்கும் கோட்டா?”ன்னேன். அமைதி. கோட்டு எனக்கும் வேண்டாம்தான், கேட்டு வெச்சேன். கடைசியில நான் இருக்கிறதுலயே நல்ல சுங்குடிப் புடவை கட்டிட்டுப் போனேன். யாரும் ஒண்ணும் சொல்லல. (மனைவிமார்ல ரெண்டு பேர் மட்டும் ரகசியமா, “நீங்க தப்பிச்சிட்டீங்க, இந்தக் கலர் யாருக்குமே எடுக்கல”ன்னாங்க.)

கூட்டத்துல ஒரு மூத்த உறுப்பினர். வயசுக்கு மரியாதை குடுத்து ‘ஐயா’ன்னே சொல்றேன். அவர் தன்மையாத்தான் சொன்னாரு: “மேடம், இந்த ஆண் பெண் சமம்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல சரி. அங்க இருந்துதான் இப்ப இந்த ரூலு வந்துச்சு. நம்ம ஊருக்கு இன்னும் நாளாகும்.”

நான் கணக்குப் பாக்கிறவ. ஒருத்தர் ஒண்ணு சொன்னா பேப்பரை எடுத்துச் சரிபாக்கலைன்னா தூக்கம் வராது. பாத்தேன். பாத்ததும் துள்ளிக் குதிக்கலாம் போல ஆயிடுச்சு.

ரோட்டரி 1905-ல சிகாகோவுல ஆரம்பிச்ச அமைப்பு. அதோட சட்டத்துல உறுப்பினர்னா ஆண்தான்னு எழுதியே வெச்சிருந்தாங்க. அந்த ‘ஆண்’ங்கிற சொல்லை எடுத்துடலாம்னு 1950-லயே ஒரு தீர்மானம் போச்சு. எங்க இருந்து தெரியுமா? இந்தியாவுல இருந்த ஒரு ரோட்டரி சங்கத்துல இருந்து! குடியரசு ஆன அதே வருஷம். அடுத்து 1964-ல பெண்களைச் சேத்துக்கலாம்னு தீர்மானம் அனுப்பினது இலங்கையில இருந்த ஒரு சங்கம். அப்ப அதுக்குப் பேரு சிலோன். சபையில ஓட்டுப் போட்டு அதை வாபஸ் வாங்க வெச்சாங்க. அமெரிக்கச் சங்கம் ஒண்ணு இதே மாதிரி தீர்மானம் கொண்டுவந்தது 1972-ல. நம்மளுக்கு இருபத்திரண்டு வருஷம் பிந்தி.

அடுத்த கூட்டத்துல ஐயாகிட்ட இதைச் சொன்னேன். “அப்படியா?”ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் காபியை ஆத்திக்கிட்டே இருந்தாரு. காபி ஏற்கெனவே ஆறித்தான் இருந்துச்சு.

அமெரிக்காவுல விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அந்தக் கதை ஒரு சினிமாவுக்குத் தேறும். கலிஃபோர்னியாவுல டுவார்ட்டேன்னு ஒரு சின்ன ஊர். நம்ம திண்டிவனத்தை விடச் சின்னது. அங்க ரோட்டரி சங்கம் உறுப்பினர் குறைஞ்சு குறைஞ்சு எட்டு பேருக்கு வந்துடுச்சு. இப்படியே போனா பூட்டு போட வேண்டியதுதான்னு 1977-ல மூணு பெண்களைச் சேத்தாங்க. டோனா போகார்ட், மேரி லூ எலியட், ரோஸ்மேரி ஃப்ரைட்டக். பெரிய புரட்சி பண்ணணும்னு இல்ல, சங்கம் உயிரோட இருக்கணும்னு. தலைமையகத்துக்குத் தெரிஞ்சுது. 1978-ல அந்தச் சங்கத்தோட பட்டயத்தையே பிடுங்கிட்டாங்க.

அவங்க என்ன பண்ணினாங்கன்னு நினைக்கிறீங்க? ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’னு பேரை மாத்தி வெச்சுக்கிட்டு, வாராவாரம் வழக்கம்போலக் கூடினாங்க. ரோட்டரிச் சக்கரத்து மேல குறுக்கால ஒரு பெருக்கல் குறி போட்டு பேட்ச் அடிச்சுக் குத்திக்கிட்டாங்க. கூடவே கேஸும் போட்டாங்க. (எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த பேட்சுதான். நம்ம ஊர்ல இருந்திருந்தா ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு, ரெண்டு கோஷ்டியும் ‘உண்மையான சங்கம் நாங்களே’ன்னு ஃப்ளெக்ஸ் வெச்சிருப்போம்.)

கீழ்க் கோர்ட்டுல தோத்தாங்க. மேல்முறையீட்டுல ஜெயிச்சாங்க. ரோட்டரி விடல, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அவங்க வாதம் இதுதான்: நாங்க தனிப்பட்ட நட்பு வட்டாரம், யாரைச் சேத்துக்கணும்ங்கிறது எங்க உரிமை. 1987 மே 4-ந்தேதி தீர்ப்பு வந்துச்சு. ஏழு நீதிபதிகள், ஏழு பேரும் ஒரே பக்கம். ரெண்டு பேர் வழக்குல கலந்துக்கல. தீர்ப்போட சாரம் ரொம்ப எளிமை. உங்க சங்கம் சிலதுல இருபது பேருக்கும் குறைவு, சிலதுல தொள்ளாயிரம் பேருக்கு மேல. வருஷாவருஷம் ஆள் போறாங்க, வர்றாங்க. கூட்டத்துக்கு வெளியாள் வரலாம், பேப்பர்காரங்களைக் கூப்பிடுறீங்க. இதுல என்னய்யா தனிப்பட்ட வட்டாரம்? இது என் மொழியில சொன்னது, நீதிபதி பவல் இன்னும் மரியாதையா எழுதியிருக்காரு.

டுவார்ட்டே சங்கத்துக்கு அதே 1987-ல ஒரு பெண் தலைவரானாங்க. சில்வியா விட்லாக். ரோட்டரியில சங்கத் தலைவரா வந்த முதல் பெண். 1989-ல உலகம் பூரா எல்லாச் சங்கத்துக்கும் ‘ஆண்’ங்கிற நிபந்தனை போயிடுச்சு. அரிமா சங்கக்காரங்க, அதான் லயன்ஸ், 1987-லயே தைபேயில நடந்த மாநாட்டுல கதவைத் திறந்துட்டாங்க.

ரோட்டரியில ‘நான்கு வழிச் சோதனை’ன்னு ஒண்ணு இருக்கு. 1932-ல ஹெர்பர்ட் டெய்லர்ங்கிறவர் எழுதினது. எந்தக் காரியம் செஞ்சாலும் நாலு கேள்வி கேட்டுக்கணும். மொத கேள்வி உண்மையான்னு. ரெண்டாவது கேள்வி சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இது நியாயமான்னு. வருஷக்கணக்கா, மனுஷங்கள்ல பாதிப் பேரை வெளிய நிக்க வெச்சுக்கிட்டே இந்தக் கேள்வியை வரிசையா எழுந்து நின்னு ஒப்பிச்சிருக்காங்க. ஒருத்தருக்காவது நடுவுல இருமல் வந்திருக்க வேண்டாம்?

அந்தக் காலத்துல பெண்கள் சும்மா இருந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. 1923 நவம்பர்ல இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ரோட்டரிக்காரங்களோட மனைவிங்க இருபத்தேழு பேர் கூடினாங்க. கூட்டம் போட எடம் கெடைக்கல. கடைசியில ஒரு துருக்கிக் குளியல் கூடத்துல கூடினாங்க! மார்கரெட் கோல்டிங்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து தொழில் நடத்தினவங்க, அவங்க தலைமையில 1924 ஜனவரியில ‘இன்னர் வீல்’ பொறந்துச்சு. இந்தியாவுக்கு 1955-ல அகமதாபாத் வழியா வந்துச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல பல ஊர்ல இன்னர் வீல்காரங்க ஆம்பளைச் சங்கத்தை விடச் சுறுசுறுப்பா வேலை செய்யுறாங்க, அது வேற விஷயம். ஆனா ரொம்ப காலம் அதுல சேரவும் வழி ஒண்ணுதான்: ரோட்டரிக்காரருக்கு மனைவியாவோ சொந்தமாவோ இருக்கணும். தனியா நின்னு சம்பாதிக்கிற ஒரு டீச்சரம்மா, கணவரை இழந்து கடை நடத்துற ஒரு அம்மா, கல்யாணமே வேண்டாம்னு இருக்கிற ஒரு டாக்டர், இவங்களுக்கு ரெண்டு வாசலும் மூடித்தான் இருந்துச்சு. பின்னாலதான் இன்னர் வீலும் விதியைத் தளர்த்துச்சு.

உலக அளவுல இப்ப நிலைமை மாறிடுச்சு. லயன்ஸுக்கு 2018-ல ஐஸ்லாந்துல இருந்து குட்ருன் இங்வடோட்டிர் தலைவரா வந்தாங்க. ரோட்டரிக்கு 2022-ல கனடாவோட ஜெனிஃபர் ஜோன்ஸ். நூத்துப் பதினேழு வருஷம் கழிச்சு.

நம்ம ஊருக்கு வருவோம்.

2022 நகராட்சித் தேர்தலுக்கு அப்புறம் விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊர்லயும் நகராட்சித் தலைவர் நாற்காலியில பெண்கள் உக்காந்தாங்க. உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-ல சட்டம் வந்ததோட பலன். (தலைவரம்மா பின்னால அவங்க வீட்டுக்காரர் நிழல் தெரியுதுன்னு பேசுவீங்க. பேசுங்க. பல ஊர்ல அது உண்மையும்கூட. ஆனா கையெழுத்து அவங்களோடது. ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பழகின கை அடுத்த தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் போடும்.)

அதுக்கும் முன்னாடி இன்னொண்ணு. மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்ச பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் 1991-92-ல நம்ம பக்கத்துக்கு வந்துடுச்சு. அப்ப இதெல்லாம் தென்னாற்காடு மாவட்டம், விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பர்லதான். அதாவது மாவட்டத்தை விடக் குழுவுக்கு வயசு அதிகம். வானூர்லயும் செஞ்சியிலயும் மரக்காணத்துலயும் கையெழுத்து மட்டுமே போடத் தெரிஞ்ச அம்மாக்கள் தீர்மானப் புத்தகம் எழுத வெச்சு, சேமிப்புக் கணக்கு வெச்சு, பேங்க் மேனேஜர் முன்னால உக்காந்து கடன் பேசினாங்க. ஊக்குநர், பிரதிநிதின்னு பொறுப்பு வெச்சு, ஆளை மாத்தி மாத்தி நிர்வாகம் பண்ணினாங்க. நான் சில குழுவோட கணக்கைப் பாத்திருக்கேன். ரெண்டு ரூபா வித்தியாசம் வந்தா கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க.

அதே மாவட்டத்துல, டவுன்ல, படிச்ச பணக்காரச் சங்கத்துல, “லேடீஸால நிர்வாகம் பண்ண முடியுமா மேடம், அலைச்சல் ஜாஸ்தி”ன்னு என்கிட்டயே கேக்கிறாங்க.

எங்க சங்கத்துல பெண்களைச் சேக்கலாம்னு நான் ஊர்ல தெரிஞ்சவங்களை எல்லாம் போய்ப் பாத்தேன். ஒரு தலைமை ஆசிரியை, ஒரு சித்த மருத்துவர், பியூட்டி பார்லர் நடத்துற ஒரு பொண்ணு, நர்சரி வெச்சிருக்கிற ஒரு அம்மா. யாருமே ‘சேவை செய்ய விருப்பமில்ல’ன்னு சொல்லல. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. கூட்டம் எத்தனை மணிக்கு?

ராத்திரி எட்டு மணிக்கு. அழைப்புல எட்டு. ஆள் வர்றது எட்டே முக்கால். பைபாஸ்ல ஒரு ஓட்டல், மாடியில ஹாலு, கீழ பாரு. கூட்டம் முடிஞ்சதும் ‘ஃபெலோஷிப்’. இந்தச் சொல்லுக்கு அகராதியில என்ன இருக்கோ தெரியாது, சங்க வழக்குல அதுக்கு பாட்டில் சத்தம் உண்டு. குடிக்கிறவங்களை நான் குத்தம் சொல்லல. அவங்க காசு, அவங்க ஈரல். ஆனா தலைமை ஆசிரியை ஒருத்தங்க ராத்திரி பத்தே காலுக்கு பார் வாசல்ல நின்னு ஆட்டோ தேடினா, மறுநாள் பள்ளிக்கூடத்துல என்ன பேச்சு வரும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. எனக்கே கூட்டம் முடிஞ்சு விழுப்புரம் பஸ் பிடிக்கிறது பெரும்பாடு. அந்த நேரத்துல ஜி.எஸ்.டி. ரோட்டுல போற பாதி பஸ் கை காட்டினா நிக்காது.

ரூலு எல்லாரையும் உள்ள வரச் சொல்லுது. கடிகாரம் வேண்டாம்னு சொல்லுது.

சரி, நேரத்தை மாத்திப் பாப்போம்னு கேட்டேன். மொதல்ல சாயந்தரம் அஞ்சரை. கடைக்காரங்க ஒத்துக்கல, வியாபார நேரம். நியாயம்தான். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி. எல்லாரும் “சூப்பர் மேடம்”னு கை தட்டினாங்க. போனேன். நான், வாட்ச்மேன், ஒரு நாயி. அடுத்து ஞாயிறு பதினோரு மணி, ஒரு பள்ளிக்கூட ஹால்ல. இது கொஞ்சம் பிடிச்சுது. புதுசா சில பெண்கள் விருந்தினரா வந்து பாத்தாங்க. கூட்டம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. (ஃபெலோஷிப் இல்லேன்னா பேச்சு எவ்ளோ சுருங்குது பாருங்க.) ஆனா வழக்கமா வர்ற ஆம்பளைங்கள்ல கொஞ்சப் பேரைக் காணோம். ஒருத்தர் சொன்னாரு, “ஞாயித்துக்கிழமை கறி எடுக்கப் போகணும் மேடம்.” இப்போதைக்கு ஒரு மாசம் ராத்திரி, ஒரு மாசம் பகல்னு ஒரு சமரசம் ஓடுது. எத்தனை நாள் ஓடும்னு சொல்ல முடியாது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லணும். மேலிடத்துல இருந்து பெண் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டுங்கன்னு சுற்றறிக்கை வருது. ரோட்டரியே 2023 ஜூனுக்குள்ள 30 சதவீதம் பெண்கள்னு இலக்கு வெச்சுது. லயன்ஸ்ல குடும்ப உறுப்பினருக்குச் சர்வதேச சந்தா பாதிதான். நல்ல ஏற்பாடு எல்லாம். நம்ம ஆளுங்க கையில வந்ததும் என்ன ஆகுது? பொண்டாட்டி பேரு, மருமக பேரு, சென்னையில வேலை பாக்கிற பொண்ணு பேருன்னு ஃபாரம் நிரம்பிடுது. கணக்குல பெண்கள் எண்ணிக்கை ஏறிடும். கூட்டத்துல அதே ஆம்பளைத் தலைங்க. சங்கத்தோட மாவட்ட கவர்னர் வர்ற அன்னிக்கு மட்டும் அந்த உறுப்பினர்கள் ஒரே கலர் புடவையில வந்து உக்காருவாங்க. வரி விஷயத்துல இதுக்கு நாங்க வேற பேரு வெச்சிருக்கோம், இங்க எழுத மாட்டேன்.

அதுக்காக கணவனும் மனைவியும் சேந்து உறுப்பினரா இருக்கிறதே தப்புன்னு சொல்லல. மனைவிக்கே தன் பேரைச் சேத்திருக்கறது தெரியாம இருக்கிறதுதான் தப்பு. அப்படி ஒருத்தங்களை நான் பாத்திருக்கேன். “நானா? எப்பங்க?”ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வி!

பதவி விஷயம். நான் பொருளாளரா இருக்கட்டுமான்னு கேட்டேன். தொழிலே கணக்குதானே. “உங்களுக்கு எதுக்கு மேடம் அந்தத் தலைவலி, மகளிர் அணித் தலைவி போட்டுடறோம்”ன்னாங்க. மகளிர் அணிக்கு பட்ஜெட் எவ்ளோன்னு கேட்டேன். பட்ஜெட் கிடையாது, கோலப் போட்டி உண்டு. கோலப் போட்டியை நான் மட்டமா நினைக்கல, எனக்குப் புள்ளிக்கோலம் நல்லாவே வரும். செக்குல கையெழுத்துப் போடவும் நல்லாவே வரும்.

கடைசியில முகாம் குழுவுல சேத்தாங்க. அதுவும் பெரிய விஷயம்தான். போன கண் முகாமுக்கு மொத வேலையா நான் போய்ப் பாத்தது பள்ளிக்கூடக் கழிப்பறை. பூட்டு போட்டிருந்துச்சு. சாவி வாங்கித் தொறந்து, தண்ணி விட்டு, வாசல்ல ‘பெண்கள்’னு சாக்பீஸ்ல எழுதி, ஒரு அம்மாவைப் பக்கத்துலயே உக்கார வெச்சோம். ஆபரேஷனுக்குப் போற பாட்டிகளோட துணைக்கு வர்ற மருமகளுக்கோ பொண்ணுக்கோ பஸ்ல ஒரு சீட்டு வேணும்னு கேட்டு வாங்கினோம். துணை இல்லாததாலயே ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு திரும்பிப் போற பாட்டிங்க நிறைய. ஐயாதான் அந்தப் பஸ்ஸுக்குப் பணம் குடுத்தாரு. அதையும் சொல்லிடணும்.

இப்ப உங்ககிட்ட ரெண்டு வார்த்தை.

சங்கத்துல பொறுப்புல இருக்கிற அண்ணன்மாருங்களா, ஜூலை 1 வந்தா உங்களுக்குப் புது வருஷம். நிர்வாகிங்க பட்டியல் இப்பவே தயாராகியிருக்கும். அதுல பொருளாளர் இடத்துக்கு ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்க. கூட்டத்தை பஸ் ஓடுற நேரத்துல, பார் இல்லாத எடத்துல வைங்க. அழைப்பிதழை அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி, பெண் உறுப்பினரோட பேரையும் தொழிலையும் அவங்களையே கேட்டு எழுதுங்க.

சேரலாமான்னு யோசிக்கிற பெண்களே, சேருங்க. ஆனா போனதும் மூணு விஷயம் கேளுங்க: வருஷச் சந்தா எவ்ளோ, கூட்டம் எத்தனை மணிக்கு, போன வருஷ வரவு செலவுக் கணக்கு எங்க. விண்ணப்பத்துல உங்க பேரை நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்க. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்க யாராவது சேந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த கண் முகாமுக்கு ஆள் பத்தல.